கப்பலில் அடுத்த பயணத்தை விற்கும் வேலை கிடைத்துவிட்டது மக்களே!

வணக்கம் மக்களே! இன்றைக்கு இன்ட்ரோ எதுவும் கிடையாது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைத்துவிட்டது! ஃப்யூச்சர் குரூஸ் கன்சல்டன்ட்! போன காண்ட்ராக்ட் முழுக்க, பயணிகளுக்குக் கரைச் சுற்றுலாக்களை விற்கும் ஷோர் எக்ஸ்கர்ஷன் கவுண்டரில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் இருந்த மேசையைக் காட்டி "எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும்" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதே நாற்காலி. ஆஃபர் கடிதம் நேற்று ராத்திரி மெயிலில் வந்தது. தூக்கம் போனது, சந்தோஷமாகவே போனது. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். ஊழியர்கள் வீடியோ போடுவதற்குக் கப்பல்களில் விதிமுறை உண்டு, அதை மதித்துத்தான் இந்தச் சேனலை நடத்துகிறேன். பழைய ஆட்களுக்கு இது தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்கு வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் விடுமுறைக்கு வந்திருப்பவர் இறங்கிப் போவதற்குள் அவருடைய அடுத்த பயணத்தைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ராயல் கரீபியனில் இதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர், நார்வேஜியனில் குரூஸ்நெக்ஸ்ட். பெயர் எதுவானாலும் ரிசப்ஷனுக்கோ நடுக்கூடத்துக்கோ பக்கத்தில் ஒரு மேசை இருக்கும். கம்பெனிக்கு என்ன லாபம் என்றால், புது ஆளைத் தேடிப் பிடிப்பதற்கு விளம்பரத்தில் கொட்டும் பணம் மிச்சம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பல் பிடித்திருக்கிறதா என்று சந்தேகமே இல்லை, அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். பயணிக்கும் லாபம் உண்டு. பெரும்பாலும் டெபாசிட் குறைவு, கப்பலில் செலவழிக்க ஆன்போர்டு கிரெடிட் தருவார்கள். வழக்கமாகப் பதிவு செய்து தரும் டிராவல் ஏஜென்ட் இருந்தால், பொதுவாக இந்த புக்கிங்கை அவரிடமே மாற்றிவிடலாம், அவருக்கும் கமிஷன் போய்ச் சேரும். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "என் ஏஜென்ட் கோபித்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொண்டே மேசையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, இன்டர்வியூவுக்கு வருகிறேன். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வாய் இருந்தால் போதும், இந்த வேலை உங்களுக்கே" என்று சொல்லும் குட்டி வீடியோக்கள் இருக்கின்றன அல்லவா, அவை எனக்கு அறவே பிடிக்காது. என் இன்டர்வியூவில் வாயை யாரும் சோதிக்கவில்லை. அவர்கள் சோதித்தது வரைபடத்தை. எந்தக் கப்பல் எந்த மாதத்தில் எந்தக் கடலில் இருக்கும், ஏன் அங்கே இருக்கும், அந்த வழியில் யாரை ஏற்றலாம், யாரை ஏற்றவே கூடாது. இதெல்லாம் விரல்நுனியில் இருந்தால்தான் அந்த நாற்காலி.

நேரடி இன்டர்வியூவில் முதலில் ஒரு நாடகம். ஒருவர் கணவர், இன்னொருவர் மனைவி. மனைவிக்கு அலாஸ்கா போக ஆசை. கணவருக்குக் குளிரும் பிடிக்காது, கடல் ஆடினால் வயிற்றைப் பிரட்டும். "எங்களுக்கு ஒரு பயணம் விற்றுக் காட்டுங்கள்." நான் விற்கவே இல்லை, கேட்க ஆரம்பித்தேன். எந்த மாதம் லீவு கிடைக்கும், போன தடவை கப்பல் ஆடியபோது எந்த டெக்கில் இருந்தீர்கள், பனிப்பாறை பார்க்க ஆசையா, திமிங்கலம் பார்க்க ஆசையா? எல்லாம் கேட்டுவிட்டு, அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து வேண்டாம், கனடாவின் வான்கூவரில் இருந்து ஏறுங்கள் என்று சொன்னேன். ஏன்? சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே, பசிபிக்கின் திறந்த கடலில் ஏறிப் போகும். வான்கூவரில் கிளம்பினால் தீவுகளுக்கு உள்பக்கமாக, இன்சைடு பாசேஜ் வழியாகப் போவதுதான் வழக்கம். அங்கே அலை அடங்கியிருக்கும். கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ் டெக்கில் எடுக்க வேண்டும், மாதம் ஜூலை. கிளேசியர் பே உள்ள வழியா என்று பார்த்து எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள், எல்லாக் கப்பலும் போகாது. கணவராக நடித்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அதற்கப்புறம் வந்தது விக்டோரியா கேள்வி! மக்களே, இதைப் பற்றி நான் கொஞ்ச நேரம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான்: "சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய்த் திரும்பும் ஒரு பயணி உங்கள் மேசைக்கு வருகிறார். கடைசி நாள் சாயங்காலம் கனடாவில் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறீர்களே, இருட்டில் நான் என்னத்தைப் பார்ப்பது, அந்த நேரத்தை அலாஸ்காவின் ஜூனோவில் கொடுக்கக்கூடாதா என்று கோபப்படுகிறார். என்ன சொல்வீர்கள்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஷோர் எக்ஸ்கர்ஷன் கவுண்டரில் என்னிடம் அதிகம் கோபப்பட்டவர்கள் விக்டோரியா ஆட்கள்தான், அந்தக் கதைகளைத் தனி வீடியோவாகவே போட்டிருக்கிறேன். பதிலை மூச்சுவிடாமல் சொன்னேன். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, பாசஞ்சர் வெசல் சர்வீசஸ் ஆக்ட். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், நடுவில் அயல்நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக் கொண்டுவர முடியாது. பெரிய சொகுசுக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்ட்டா என்று வேறு நாட்டுக் கொடி கட்டியவைதான். அதனால் சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலில் இறங்கும் கப்பல் எங்கேயாவது கனடாவைத் தொட்டே ஆகவேண்டும். 2021-இல் கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்கா பயணங்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றமே தற்காலிகமாக ஒரு விலக்குச் சட்டம் போட வேண்டி வந்தது. விக்டோரியா இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

அதோடு விட்டேனா? இல்லை! இதை ஜோன்ஸ் ஆக்ட் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் உங்களுக்குத் தெரியுமே. ஜோன்ஸ் ஆக்ட் 1920-இல் வந்தது, துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏற்றிப்போகும் சரக்குக்கான சட்டம். பயணிகளுக்கு 1886 சட்டம்தான். இதையும் சொன்னேன். ஹவாய்த் தீவுகளை மட்டும் சுற்றுகிறதே பிரைடு ஆஃப் அமெரிக்கா, அதற்கு மட்டும் எப்படி அயல்நாட்டுத் துறைமுகம் தேவைப்படவில்லை என்று அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நானே எடுத்துச் சொன்னேன். அது அமெரிக்கக் கொடி கட்டிய கப்பல். மனைவியாக நடித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்று போதும் எனக்கு.

உடனே அடுத்த கேள்வி, இன்னும் நல்ல கேள்வி. "ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில் ஏறி வான்கூவரில் முடியும் பயணத்தை எடுக்கிறார். அதே கப்பலில் அடுத்த நாளே வான்கூவரில் கிளம்பி அலாஸ்காவின் விட்டியரில் முடியும் பயணத்தையும் சேர்த்துக் கேட்கிறார். கொடுப்பீர்களா?" தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. ஆனால் அதே ஆள் அதே கப்பலில் தொடர்ந்து போனால் சட்டத்தின் கண்ணில் அது லாஸ் ஏஞ்சலஸ் முதல் விட்டியர் வரை ஒரே பயணம். ஏறுவதும் இறங்குவதும் வெவ்வேறு அமெரிக்கத் துறைமுகங்கள் என்றால் பக்கத்து நாட்டுத் துறைமுகம் போதாது, தொலைவிலுள்ளது என்று அந்த விதி ஏற்கும் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். வான்கூவர் அந்தக் கணக்கில் வராது. தெரியாமல் விற்றுவிட்டால் கம்பெனிக்குத் தலைக்கு இவ்வளவு என்று அபராதம், பயணிக்கு லீவும் பணமும் குழப்பம். பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸில் இருந்து மயாமி போகும் கப்பல்கள் கொலம்பியாவின் கார்டஹீனாவிலோ அரூபாவிலோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகவும்தான். பனாமாவே அந்தக் கணக்கில் சேராது. தென் அமெரிக்கா சேரும், அரூபா, பொனேர், குராசோ தீவுகள் சேரும். இரண்டாவது பயணத்தை வேறொரு கப்பலில் எடுத்துத் தருகிறேன் என்றேன். அதுதான் சரியான பதில்.

வீடியோவே விக்டோரியா ஆகிவிட்டது, சரி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்த நேரடி இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு ரெக்கார்டிங் சுற்று இருந்தது. எதிரில் ஆள் கிடையாது, திரையில் கேள்வி வரும், குறிப்பிட்ட நேரத்துக்குள் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதில் பலர் திணறுவார்களாம். உங்களோடு பேசிப் பேசி எனக்கு அது தினப்படி வேலை, அதனால் இந்தச் சேனலுக்கு நான் நன்றி சொல்லியே ஆகவேண்டும். டார்கெட்டை எப்படி எட்டினீர்கள் என்று கேட்பார்கள், எண்ணோடு சொல்லுங்கள். கப்பலில் வேலை பார்த்த அனுபவம் இல்லாதவர்களையும் எடுக்கிறார்கள். ஹோட்டல், டிராவல் ஏஜென்சி, டைம்ஷேர் என்று எங்கேயாவது நேருக்கு நேர் விற்ற அனுபவம் இருந்தால் நல்லது.

இப்போது கோபப்பட வேண்டிய இடம். இந்த வேலைக்குத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் இடைத்தரகர், பெயர் வேண்டாம், "ப்ராசஸிங் ஃபீஸ்" கட்டினால் உடனே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. கேளுங்கள், எம்.எல்.சி. 2006 என்று கடல் பணியாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காகப் பணியாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. பாஸ்போர்ட், கடல் பணியாளருக்கான சீமேன் புக், சட்டப்படி தேவையான மருத்துவச் சான்றிதழ், இவற்றுக்கு ஆகும் செலவை மட்டும்தான் நம்மிடம் கேட்கலாம். விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. கப்பலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்பவரும் அந்தச் சட்டப்படி கடல் பணியாளர்தான், மாலுமிக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை இது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வந்துவிட்டேன், கம்பெனியின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேராக விண்ணப்பித்தேன்.

சம்பளம் எவ்வளவு என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். தொகையைச் சொல்லமாட்டேன், அமைப்பைச் சொல்கிறேன். என் காண்ட்ராக்டில் சின்னதாக ஓர் அடிப்படைச் சம்பளம், மீதியெல்லாம் கமிஷன். பயணி வீட்டுக்குப் போய் கேன்சல் செய்தால் அந்தக் கமிஷனும் போய்விடும். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. வற்புறுத்தி விற்கிறவருக்கு இது அடி, அவருக்கு எது பொருந்தும் என்று கேட்டு விற்கிறவருக்கு இது பாதுகாப்பு. குளிர் பிடிக்காதவரிடம் அலாஸ்காவைத் தள்ளிவிட்டு என்ன பயன்?

வேலை நேரம் கப்பலின் போக்கைப் பொறுத்தது. துறைமுக நாளில் எல்லோரும் கரைக்குப் போய்விடுவதால் மேசை காலியாகக் கிடக்கும். எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கடலிலேயே போகும் சீ டே வந்தால் தியேட்டரில் ஒரு விளக்கக் கூட்டம், அப்புறம் மேசையில் சாயங்காலம் வரை ஆட்கள். கடைசி சீ டே அன்றைக்கு வரிசை நிற்கும், நானே எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எனக்குச் சீ டேதான் உயிர், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு கூட்டம் வந்தாலும் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, 7 நாட்களில் 77 மணி நேர ஓய்வு என்பது எம்.எல்.சி. தரும் ஓர் அளவு. அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பாக்கி இருப்பவை மெடிக்கல், விசா, பயிற்சி. கடல் பணியாளருக்கான மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு வருடம்தான் செல்லும், என்னுடையது முடியப்போகிறது, புதிதாக எடுக்க வேண்டும். என் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடுவதால் கப்பல் ஊழியர்களுக்கான அமெரிக்க சி1/டி விசா. பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி எல்லாம். விற்பனை ஆளுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அவசரக் காலத்தில் மேசை கிடையாது, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நமக்கென்று கொடுத்த இடத்தில் நின்று பயணிகளுக்கு வழிகாட்ட வேண்டும்.

கப்பல் எது என்று இன்னும் சொல்லவில்லை அவர்கள். அதுவரை வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் கடல் மாறிப் போகும் ரீபொசிஷனிங் பயணங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சீ டே நிறைய, விலை பெரும்பாலும் மலிவு, கேட்டால் விற்க எனக்கு மிகவும் ஆசையாக இருக்கும் பயணம் அது. உங்களில் யாராவது அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்திருந்தால், எந்த டெக்கில் கேபின் எடுத்தீர்கள், தூக்கம் எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். மெடிக்கல் முடிந்ததும் அடுத்த வீடியோவில் வருகிறேன். டாட்டா மக்களே!