ஒரே படம், மூன்று திரை: நிறம் ஏன் மாறுகிறது?

(திரையில்: ஒரு பட்டுப்புடவையின் படம். மயில் கழுத்து நிற உடல், அரக்கு பார்டர், சரிகை. அதே படம் ஒரு போன், ஒரு டேப்லெட், ஒரு கலர் இ-ரீடர் மூன்றிலும் அடுத்தடுத்து.)

மூன்றிலும் திறந்திருப்பது ஒரே கோப்பு. ஒரு பைட் கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் போனில் இந்தப் புடவை தகதகவென்று மின்னுகிறது. டேப்லெட்டில் மயில் கழுத்து அடங்கிப்போய் வெறும் நீலமாகத் தெரிகிறது. இ-ரீடரில் பார்த்தால் பல வருடம் துவைத்துக் கட்டிய புடவை மாதிரி இருக்கிறது.

இதில் எது நல்ல திரை என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் போனைத்தான் காட்டுவார்கள். கடையில் விற்பதும் அந்தப் பளிச்சை நம்பித்தான். என் கட்சி வேறு. கோப்பில் என்ன நிறம் எழுதியிருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவதுதான் நிறத் தரம். அந்தக் கணக்கில் பார்த்தால் போன் ஜெயித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

(திரையில்: புடவையின் ஒரே ஒரு புள்ளி பெரிதாகிறது. பக்கத்தில் மூன்று எண்கள்.)

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 வரும். பெட்டியின் மேல் '16.7 மில்லியன் நிறங்கள்' என்று போடுகிறார்களே, அது இதுதான். மலிவான திரையும் இதைப் போட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் இது எத்தனை படிகள் என்ற கணக்கு மட்டுமே. மேல்படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை இது சொல்லாது.

255 என்றால் முழுச் சிவப்பு. சரி, எந்தச் சிவப்பு? அதைச் சொல்வதற்குத்தான் தரநிலைகள். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது எஸ்ஆர்ஜிபி. அன்றைய குழாய் மானிட்டர்களால் எவ்வளவு முடியுமோ அதை வைத்துப் போட்ட எல்லை அது. இன்றைக்கும் இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அதைவிட அகலமானது பி3. டிஜிட்டல் சினிமா புரொஜக்டருக்காக வந்தது. 2016-ல் ஐபோன் 7, 9.7 அங்குல ஐபேட் ப்ரோ வழியாக ஆப்பிளின் கையடக்கத் திரைகளுக்குள் நுழைந்தது. எஸ்ஆர்ஜிபியைவிட சுமார் 25 சதவீதம் பெரியது. ஆனால் அந்தக் கூடுதல் எல்லாப் பக்கமும் சமமாக இல்லை. ஆப்பிள் வகை பி3-யில் நீலத்தின் முனை எஸ்ஆர்ஜிபியில் இருந்த அதே இடம்தான். நகர்ந்தவை சிவப்பும் பச்சையும். அதனால் அடர்ந்த அரக்கும், பச்சை கலந்த மயில் கழுத்தும்தான் இந்த விரிவால் அதிகம் லாபம் அடைகின்றன.

(திரையில்: போனின் செட்டிங்ஸ். 'விவிட்', 'நேச்சுரல்' என்ற இரண்டு தேர்வுகள் மாறி மாறி.)

இப்போது போன். இன்றைய நடுத்தர விலைப் போன்களிலேயே ஓஎல்இடி திரை வந்துவிட்டது. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கருப்பு வேண்டுமென்றால் புள்ளி அணைந்துவிடும், உண்மையான கருப்பு. சரிகைக்குப் பக்கத்து நிழல் இவ்வளவு ஆழமாகத் தெரிவது அதனால்தான். பி3-யை முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ எட்டக்கூடிய திரைகளும் இவற்றில் நிறைய.

தொல்லை அங்கேயே ஆரம்பிக்கிறது. எஸ்ஆர்ஜிபிக்காக எழுதிய 255-ஐ, இந்தத் திரை தன்னால் முடிந்த உச்சச் சிவப்பு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அரக்கு பார்டர் ரத்தச் சிவப்பாகும். புடவை கட்டியிருப்பவரின் முகத்துக்கு வெயிலில் நின்ற சிவப்பு ஏறும். பல போன்களில் பெட்டியைப் பிரித்ததும் இருக்கும் 'விவிட்' முறை இப்படித்தான் நிறங்களை வேண்டுமென்றே இழுத்து விரிக்கிறது. கூடவே வெள்ளையைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளிவிடும். ஆண்ட்ராய்டில் நிறத்தைச் சரியாகக் கணக்கிட்டுக் காட்டும் வசதி 2017-ல், 8.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் அது சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் நாம் 'நேச்சுரல்' முறைக்குப் போக வேண்டும். சாம்சங்கில் டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் 'ஸ்கிரீன் மோட்' என்று இருக்கும். மாற்றிய முதல் நாள் எல்லாம் செத்துப்போன மாதிரி தோன்றும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள், கண் பழகிவிடும். அப்புறம் விவிட் முறைக்குத் திரும்பிப் பாருங்கள், அதுதான் வேஷம் போட்ட மாதிரி தெரியும்.

ஓஎல்இடியைச் சோதிக்க வண்ணமயமான படம் வேண்டாம். வெறும் சாம்பல் நிறப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, போனை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுமாரான திரையில் சாம்பல் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். கடையில் ஓடும் டெமோ வீடியோ இதை ஒருநாளும் காட்டாது.

(திரையில்: ஒரு எல்சிடி டேப்லெட், இருட்டு அறையில் கருப்புப் படத்துடன். ஓரங்களில் வெளிச்சம் கசிகிறது.)

டேப்லெட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் எல்சிடிதான். ஐபேட் ப்ரோ 2024-ல் ஓஎல்இடிக்கு மாறியது. சாம்சங்கின் டேப் எஸ்9 போன்ற மேல்தட்டு மாடல்களும் அதில்தான் இருக்கின்றன. மற்றவற்றில் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அதைத் திறந்து மூடும். முழுதாக மூட முடியாது. அதனால்தான் இருட்டில் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது.

இதற்காக எல்சிடியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல ஐபிஎஸ் எல்சிடி (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) எஸ்ஆர்ஜிபியை ஒழுங்காகக் காட்டும். தன்னால் எட்ட முடியாத நிறத்தை எட்டிவிட்டதாக நடிக்காது. எங்கள் படத்தில் மயில் கழுத்து அடங்கித் தெரிந்ததே, கோப்பில் இருந்ததே அவ்வளவுதான்.

ஏமாறுவதற்கு வேறு ஓர் இடம் இருக்கிறது. விவரப் பட்டியலில் '72% என்டிஎஸ்சி' என்று பார்த்தால் நூற்றுக்கு எழுபத்திரண்டு மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். என்டிஎஸ்சி 1953-ல் அமெரிக்கக் கலர் டிவிக்காகப் போட்ட கணக்கு. அதில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி, நல்ல எண். அதுவே 45 சதவீதம் என்று போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கு கூடத் தேறாது. அதில் புடவை பார்க்க வேண்டாம், மின்சாரக் கட்டணம் மட்டும் கட்டிக்கொள்ளலாம். ஒன்றுமே போடாத பட்டியலும் உண்டு. நான் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை.

(திரையில்: கலர் இ-ரீடரின் மேற்பரப்பு, நுண்ணோக்கியில் பார்ப்பது போன்ற அனிமேஷன்.)

இனி இ-ரீடர். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது இது, அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான்.

இந்தத் திரை ஒளிவிடுவதில்லை. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே நுண்ணிய குப்பிகள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும். மின்னழுத்தம் கொடுத்தால் ஏதாவது ஒன்று மேலே வரும். 2007-ல் வந்த முதல் கிண்டில் தொடங்கி கருப்பு வெள்ளை இ-ரீடர்களின் அடிப்படை இதுதான். 2024-ல் வந்த கோபோ லிப்ரா கலர், கிண்டில் கலர்சாஃப்ட் இரண்டும் அதே கருப்பு வெள்ளைத் திரையின் மேல் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் படலத்தை வைத்தவை. இந்த வகைக்குக் கலைடோ என்று பெயர்.

இப்போது அரக்கு பார்டரைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஃபில்டருக்குக் கீழே உள்ள புள்ளி வெள்ளையாக வேண்டும். பச்சை, நீலத்துக்குக் கீழே உள்ளவை கருப்பாக வேண்டும். அதாவது அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்சமும் ஃபில்டரை உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை கடந்தாக வேண்டும். எல்சிடி என்றால் பின்விளக்கைக் கூட்டி ஈடுகட்டிவிடும். இங்கே பின்விளக்கே கிடையாது. முன்விளக்கு ஓரளவுதான் கைகொடுக்கும். ஆகவே அடர்த்தி கேட்டால் இருட்டு, வெளிச்சம் கேட்டால் வெளிறல். நடுவில் ஒரு சமரசம்தான் நாம் பார்க்கும் அந்தச் சாயம் போன புடவை.

எண்களும் அதையே சொல்கின்றன. கலைடோ 3 காட்டுவது 4,096 நிறங்கள். ஒரு நிறத்துக்கு 16 படிகள் வீதம், 16-ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கு. கருப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் தெரியும், நிறம் 150-தான். நாவல் படிக்க இது உறுத்தாது. வெள்ளைப் பகுதியில் மட்டும் லேசான நறநறப்பு தெரியும், ஃபில்டர் படலத்தின் வேலை. சாதாரண கருப்பு வெள்ளைக் கிண்டிலைவிடப் பக்கம் கொஞ்சம் மங்கலாக இருப்பதும் அதனால்தான்.

ஃபில்டரே இல்லாமல் துகள்களுக்கே நிறம் கொடுக்கும் வகையும் இருக்கிறது: கேலரி 3. சயான், மஜந்தா, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிறத் துகள்கள், பிரிண்டர் மை மாதிரி. 2024-ல் வந்த ரிமார்க்கபிள் பேப்பர் ப்ரோ என்ற எழுதும் மின்னேடு இதை ஒட்டியது. நிறம் இதில் கூடுதல் அடர்த்தி. ஆனால் நான்கு வகைத் துகள்களைப் பிரித்து மேலே கொண்டுவர நேரம் பிடிக்கும். நல்ல நிறத்துடன் ஒரு பக்கம் மாற ஒரு வினாடிக்கு மேலும் ஆகலாம்.

(திரையில்: மூன்று சாதனங்களும் மொட்டைமாடி வெயிலில்.)

வெயிலுக்குப் போனால் வரிசை தலைகீழ். போன் திரையின் கண்ணாடியில் வானம் பிரதிபலித்து, அந்த ஆழமான கருப்பு சாம்பலாகிறது, நிறமும் வெளுக்கிறது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி உள்ள மலிவு டேப்லெட்டில் இன்னும் மோசம். இ-ரீடரோ அப்போதுதான் உயிர் பெறுகிறது. அதன் நிறத்தைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

வாங்குவதைப் பற்றிச் சொன்னால்: படக்கதை, குழந்தைகளின் படப்புத்தகம், வரிக்கு அடியில் கலர் கோடு போடும் பழக்கம், இவற்றுக்குக் கலர் இ-ரீடர் போதும். வெறும் எழுத்துதான் என்றால் கருப்பு வெள்ளையே மேல். போட்டோ திருத்துகிறவர்கள் பி3 எட்டும் டேப்லெட்டுக்குப் போகலாம்.

புடவைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அசல் மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்பு அசைய அசைய நிறம் மாறும். அதை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. விற்பவரின் கேமராவும் தன் பங்குக்கு வெள்ளைச் சமநிலையை, அதாவது எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற கணக்கை, மாற்றியிருக்கும். அதனால் இரவு மோடையும் கண் பாதுகாப்பு மோடையும் அணைத்துவிட்டு, போனை நேச்சுரலில் வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்." அந்தத் தாள் உங்கள் திரையில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், புடவையும் அதே அளவு விலகித்தான் தெரிகிறது.