வாக்கியத்தின் வாலில் ஒட்டியது

நேயர்களுக்கு வணக்கம். தன்பால் ஈர்ப்பு கொண்டவர்களுக்குத் திருச்சபையில் இடம் உண்டா? இதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஒரு அப்பாவின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த போதகர் பிராங்க் ஷேஃபர். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபைக்காரர். 2007இல் அவர் மகன் இன்னொரு ஆணைக் கல்யாணம் செய்துகொண்டான். நடத்திவைத்தவர் அப்பாதான். அந்த மகன் சிறு வயதில், "என்னை மாற்றிவிடும்" என்று கடவுளிடம் அழுது மன்றாடியவன். செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தவன். அப்படிப்பட்ட பிள்ளை வந்து கேட்டால் எந்த அப்பா மறுப்பார்?

தன்பால் திருமணம் நடத்திவைப்பது திருச்சபை விதிக்கு விரோதம் என்று 2013 நவம்பரில் திருச்சபை அவரை விசாரித்தது. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வானவில் நிறப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். டிசம்பரில் போதகர் பட்டம் பறிபோனது. மேல்முறையீடு செய்து 2014இல் திரும்பப் பெற்றார்.

சரி, இந்த விதியெல்லாம் எங்கிருந்து முளைத்தது? 1972இல் அட்லாண்டாவில் கூடிய, திருச்சபையின் விதிகளை வகுக்கும் பொது மாநாட்டில். தன்பால் ஈர்ப்புள்ளவர்களும் மாண்பு மிக்க மனிதர்களே என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தார்கள். சபை நடுவே ஒருவர் எழுந்து திருத்தம் கொண்டுவர, அதே வாக்கியத்தின் வாலில், அந்த நடத்தை கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று ஒட்டிவிட்டார்கள். தலையைத் தடவிக்கொடுத்த கையாலேயே வெளியே தள்ளியது போல. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

2019இல் செயின்ட் லூயிஸில் கூடிய மாநாட்டில், தன்பால் திருமணத்துக்கும் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் போதகர் ஆவதற்கும் இருந்த தடையை 438க்கு 384 என்ற வாக்கில் இன்னும் இறுக்கினார்கள். அப்புறமும் சண்டை ஓயவில்லை. 2023க்குள் அமெரிக்காவில் சுமார் 7,600 சபைகள், ஏறக்குறைய நாலில் ஒன்று, பிரிந்து போயின. பெரும்பாலும் தடை வேண்டும் என்றவர்கள். அவர்களும் வேதத்தை நம்பி, முழங்காலில் நின்று முடிவெடுத்தவர்கள்தாம். அவர்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, அவ்வளவே.

2024 மே 1ஆம் தேதி, சார்லட் நகரில் கூடிய மாநாட்டில், தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் போதகர் பட்டத்துக்கு இருந்த தடை 692க்கு 51 என்று நீங்கியது. விவாதமே நடக்கவில்லை. மறுநாள் அந்த 52 வயது வாலும் போனது. அரங்கில் பலர் கட்டிப்பிடித்து அழுதார்கள். விசா கிடைக்காமல் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் பலர் வர முடியாமல் போனது நியாயமில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிலடெல்பியாவில் பெத் ஸ்ட்ரௌட் என்ற போதகர், தான் ஒரு பெண்ணோடு வாழ்வதாகத் தன் சபையாரிடமே சொன்னவர். 2004இல் பட்டத்தை இழந்தார். சார்லட் மாநாடு முடிந்த அதே மாதம், அவர் வட்டாரப் போதகர்கள் கூடி வாக்களித்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இடையில் போனது 20 ஆண்டுகள்.

நன்றி, வணக்கம்.