வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் சின்னதாக அலுவலகம் நடத்தும் நம்மவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "தம்பி, ஆபீசுக்கு வி.பி.என். போடணும், எது மலிவு?" அவர்கள் மனத்தில் இருப்பது யூடியூப் விளம்பரத்தில் வருகிற வி.பி.என்.; மாதாமாதம் பணம் கட்டி வெளிநாட்டுப் படம் பார்க்கிற சமாச்சாரம். அதைப் போட்டால் உங்கள் இணையப் போக்குவரத்து இன்னொரு நாட்டு சர்வர் வழியாகப் போகும், அவ்வளவுதான். லெபோ பசாரில் இருக்கும் கணக்கு அலுவலகத்தின் கோப்பை பட்டர்வொர்த் வீட்டில் உட்கார்ந்து திறக்க அது உதவாது. அதற்கு அலுவலகத்திலேயே ஒரு வி.பி.என். நிறுவ வேண்டும். வெளியில் இருக்கும் உங்கள் மடிக்கணினியை, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பாதையில் அலுவலக நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை.

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். திடுதிப்பென்று எல்லாருக்கும் வீட்டிலிருந்து வேலை. அப்போது பல இடங்களில் ஓர் அவசர வைத்தியம் பார்த்தார்கள்: ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலைத் திறந்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்துக்குக் காட்டிவிட்டார்கள். வேலை ஓடியது. ஆணை முடிந்த பிறகு அந்தப் போர்ட்டை மூட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. திறந்து கிடக்கும் போர்ட்டைத் தேடி ராப்பகலாக இணையத்தைத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. கண்ணில் பட்டுவிட்டால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்களுக்கு இது பழகிய வாசல்.

சரி, எதைப் போடலாம்? சின்ன அலுவலகத்துக்கு நான் சொல்வது வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருள். இலவசம், 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இதில் பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி. ஒன்று அந்தக் கருவியை விட்டு வெளியே போகவே கூடாது. மற்றது 44 எழுத்துள்ள ஒரு சரம், அதை அலுவலக சர்வரில் பதிய வேண்டும். ரூட்டரில் யூ.டி.பி. வகைப் போர்ட் ஒன்றே ஒன்றைத் திறந்தால் போதும், வழக்கமாக 51820. எனக்கு இதில் பிடித்தது, பதிவாகாத சாவியோடு யார் வந்தாலும் அது வாயே திறக்காது. துழாவுகிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

பழைய ரூட்டர் மெனுவில் பி.பி.டி.பி. என்று ஒரு பழைய வி.பி.என். முறை இருக்கும். சுலபமாக வேலை செய்யும், ஆனால் தொடாதீர்கள். அதில் வழக்கமாகப் பயன்படும் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள்.

நிறுவும்போது ஆளைச் சுற்றவிடும் இடம் ஒன்று உண்டு. வி.பி.என். "இணைந்தது" என்று காட்டும், ஆனால் ஒரு கோப்பும் திறக்காது. பார்த்தால், அலுவலக நெட்வொர்க்கில் கணினிகளின் முகவரி எண் 192.168.1 என்று தொடங்கும். வீட்டு ரூட்டரிலும் அதே 192.168.1. தேடுகிற சர்வர் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக மடிக்கணினி நினைத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் யாரும் சாதாரணமாக வைக்காத எண்ணாக, 10.47.8 என்பதுபோல மாற்றிவிடுங்கள். பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் மறுபடி அமைக்க ஒரு சனிக்கிழமை போகும். போகட்டும். இன்னொன்று, அலுவலக ரூட்டருக்கு இணைய நிறுவனம் தரும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், உங்களுக்கென்று தனி முகவரி இல்லை, பலரோடு பங்கு என்று அர்த்தம். அப்போது போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. நான் அதிகம் கவலைப்படுவது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் அனுப்பும் கொலோனியல் பைப்லைன் பல நாள் நின்றுபோனது. திருடர்கள் நுழைந்தது ஒரு வி.பி.என். கணக்கு வழியாக. யாரும் பயன்படுத்தாத பழைய கணக்கு, ஆனால் மூடப்படவில்லை. கடவுச்சொல் ஒன்றே காவல். பிணைத்தொகையாகக் கொடுத்தது சுமார் 44 லட்சம் டாலர்.

நம் அலுவலகங்களிலும் ஆள் வேலையை விட்டுப் போனால் கதவுச் சாவியை மறக்காமல் வாங்கிக்கொள்கிறோம். வி.பி.என். சாவியை? வயர்கார்டின் அமைப்புக் கோப்பில் ஒருவருக்குரிய பகுதி நாலைந்து வரிதான், நீக்கிவிட்டு ஒருமுறை புதுப்பித்தால் முடிந்தது. ஆனால் ஒரே சாவியை அஞ்சு பேருக்குக் கொடுத்து வைத்திருந்தால் யாரை நீக்குவீர்கள்? ஆளுக்கொன்று, கருவிக்கொன்று என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். மடிக்கணினி திருடு போனால் சாவியும் கூடவே போகும், அதனால் அதன் டிஸ்க்கையும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வையுங்கள்.

கணக்கு அலுவலகம், கிளினிக் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் ஐ.சி. (அடையாள அட்டை) எண், சம்பள விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், அந்தத் தகவல் கசிந்து பெரிய பாதிப்பு வரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஐ.டி. ஆளை வைத்துச் செய்வதாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் 3389 இப்போது திறந்திருக்கிறதா? யார் யாரிடம் சாவி இருக்கிறது என்ற பட்டியலை எனக்கு எழுதித் தருவீர்களா?

நன்றி, வணக்கம்.