காகம் மீன் கொண்டு வருமா? விற்றமின் டியும் கொரோனாவும்

வணக்கம். இன்றைக்கு நாலு கேள்வி எடுப்பதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். ஒன்றோடு நின்றுவிடும் போல இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். மூன்று நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் நடக்கப் போனாலும் அதுதான் மனதில் ஓடியது. வாசிக்கிறேன்.

“சேர், 2021 ஆகஸ்டில் எங்கள் வாப்பா கொரோனாவில் மவுத்தானார். 67 வயது, சீனி வருத்தமும் இருந்தது. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள், வெளிநாட்டில் இருக்கிற தம்பி சொன்னதால் இரத்தத்தில் விற்றமின் டி பார்த்தோம். 14 என்று வந்தது. 20க்குக் கீழே என்றால் குறைபாடு என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்தது. குளிசை வாங்குவதற்குள் ஒட்சிசன் இறங்கிவிட்டது. ஸ்பெயினில் விற்றமின் டி கொடுத்த 50 பேரில் ஒரே ஒருவர்தான் ஐ.சி.யூவுக்குப் போனாராம், அதை மறைத்துவிட்டார்களாம். தம்பி இன்றைக்கும் அந்தக் காணொளியை அனுப்புகிறான். முன்பே கொடுத்திருந்தால் வாப்பா இருந்திருப்பாரா? உம்மாவுக்கு இப்போது கொடுக்கலாமா?”

மகள், நான் டொக்டர் இல்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலை இழுத்தடிக்காமல் சொல்கிறேன். கொடுத்திருந்தால் இருந்திருப்பார் என்று சொல்ல வைக்கிற ஆராய்ச்சி இதுவரை இல்லை. தம்பி சொல்கிற ஸ்பெயின் ஆராய்ச்சி பொய்யில்லை, அதை யாரும் மறைக்கவுமில்லை. ஆனால் அது சொல்வது வேறு, அந்தக் காணொளி சொல்வது வேறு.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் காகக் கதை தெரியும். இன்னொரு முறையா என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதில் அப்பப்பாவோடு கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போவேன். சோளகக் காலம், கடல் அமைதியாகக் கிடக்கும். வலையின் மடி கரைக்கு வருவதற்கு முன்னமே காகங்கள் வந்து குந்திவிடும். காகம் நிறைய வந்த நாளில் மீனும் நிறைய. காகம் இல்லாத நாளில் சம்மாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது. நான் என்ன முடிவெடுத்தேன் தெரியுமா? காகம்தான் மீனைக் கூட்டி வருகிறது. அதனால் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய்க் காகத்துக்கு வைத்தேன். மூன்றாம் நாள் நல்ல பாடு! நான் துள்ளிக் குதித்தேன். அப்பப்பா சிரித்துவிட்டு, “நாளைக்கும் வை, நாளையின்றைக்கும் வை” என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் வெறும் மடி. இனி நான் சொல்லப்போவது முந்திய காணொளியில் சொல்லாதது. வெறும் மடியைப் பார்த்தும் நான் மசியவில்லை. “சோறு காணாது, அதுதான்” என்றேன்.

அந்தச் சோறு காணாது என்ற பேச்சை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வரும்.

இப்போது வாப்பாவின் 14க்கு வருவோம். கொரோனா வந்த முதல் வருடத்திலேயே பல நாடுகளில் கவனித்தார்கள், கடுமையாக நோய்ப்பட்டவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி குறைவாக இருந்தது. அது உண்மைதான். ஆனால் யாருக்கெல்லாம் விற்றமின் டி குறையும் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர்கள், ஏனென்றால் முதிய தோல் வெயிலிலிருந்து குறைவாகத்தான் செய்யும். உடல் பருத்தவர்கள். சீனி வருத்தக்காரர். வெளியே இறங்காமல் வீட்டோடு கிடக்கிறவர்கள். கொரோனா யாரை மோசமாக அடித்தது? அதே ஆட்கள்தான். காகமும் வருகிறது, மீனும் வருகிறது. கூட வந்ததெல்லாம் கூட்டி வந்ததில்லை.

இதைவிட ஒரு சங்கதி இருக்கிறது. அதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. உடம்பில் அழற்சி வந்தால், அந்த அழற்சியே இரத்தத்தில் விற்றமின் டி அளவைக் கீழே இறக்கிவிடும். கொரோனாவுக்கு வெகு முன்னமே, 2011இல், முழங்கால் மூட்டு மாற்றுகிற நோயாளிகளிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். ஓரிரண்டு நாளில் ஏறத்தாழ 40 வீதம் விழுந்திருந்தது. சாப்பாடோ வெயிலோ மாறியதால் இரண்டே நாளில் இவ்வளவு விழாது. உடம்பு அடிபட்டது, அளவு விழுந்தது. வாப்பாவுக்கு நீங்கள் பார்த்தது காய்ச்சலின் ஐந்தாம் நாள். அந்த 14, நோய் வருவதற்கு முன் இருந்த 14 தானா, நோய் இழுத்து விழுத்திய 14 ஆ? அந்தத் தாளைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் உங்களையே நீதிமன்றத்தில் நிறுத்தாதீர்கள்.

சரி, ஸ்பெயின். கோர்டோபா நகரத்து வைத்தியசாலை, 2020. நோயாளிகள் 76 பேர். 50 பேருக்குக் கல்சிபெடியோல் கொடுத்தார்கள். அது விற்றமின் டியின் ஒரு வடிவம், ஈரல் செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே முடித்துக் கொடுத்த வடிவம் என்று வையுங்கள். மற்ற 26 பேருக்கு அது இல்லை. கொடுத்த 50 பேரில் ஐ.சி.யூவுக்குப் போனவர் ஒருவர். கொடுக்காத 26 பேரில் 13 பேர். தம்பி அனுப்புகிற காணொளி இங்கே நின்றுவிடும்.

நான் பரீட்சைத் தாள் திருத்துகிற ஆள் ஆனபடியால் அடுத்த பக்கத்தையும் புரட்டுவேன். மருந்து கிடைத்தவர்களில் பிரஷர் உள்ளவர்கள் நாலில் ஒருவர் அளவில். கிடைக்காதவர்களில் பாதிக்கு மேல். சீனி வருத்தமும் கிடைக்காதவர்களிடம்தான் கூட. யாருக்கு மருந்து போகிறது என்று வைத்தியர்களுக்கும் தெரியும். ஐ.சி.யூவுக்கு அனுப்புவது மனிதர் எடுக்கிற முடிவு அல்லவா? விற்றமின் டி அளவை ஒருவருக்கும் அளக்கவில்லை. இவ்வளவும் சொல்வது அவர்களைக் குறை பிடிக்க அல்ல. இது முன்னோட்டம், பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரிதாகச் செய்யச் சொன்ன ஆராய்ச்சியை முடிந்த முடிவாக்கியது காணொளி போட்டவர்கள்.

மறைத்துவிட்டார்கள் என்ற கதை எங்கிருந்து வந்திருக்கும் என்றும் யோசித்தேன். பார்சலோனாவிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. இன்னும் பெரியது. லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் முன்பதிப்புப் பக்கத்தில், அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்னமே போடுகிற இடத்தில், போட்டு, 2021 பெப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள்? நோயாளி ஒவ்வொருவருக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்ததாக நினைத்தார்கள், பார்த்தால் வார்ட் வார்டாகப் பிரித்திருந்தது. அதில் என்ன பிழை என்பீர்கள். ஏ வகுப்புக்குப் புதுப் புத்தகம், பி வகுப்புக்குப் பழைய புத்தகம் கொடுத்தேன், ஏ வகுப்புப் பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்தார்கள் என்று நான் வந்து சொன்னால், அதிபர் முதலில் என்ன கேட்பார்? “ஏ வகுப்புக்கு யார் படிப்பித்தது?” என்றுதான் கேட்பார்.

பிறகு பெரிதாகவே செய்தார்கள். பிரேசிலில், சாவோ பாவுலோவில், வைத்தியசாலையில் படுத்திருந்த 240 பேர். சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரே தடவையில் 2,00,000 யூனிற் விற்றமின் டி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் திரவம். கொடுக்கிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. இரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. ஆனால் வைத்தியசாலையில் கிடந்த நாட்கள் இரண்டு பக்கமும் நடுவாக ஏழு. இறப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்போது விற்றமின் டியை நம்பியவர்கள் என்ன சொன்னார்கள்? பிந்திக் கொடுத்தீர்கள், பிழையான வடிவத்தில் கொடுத்தீர்கள் என்றார்கள். சோறு காணாது! சிரிக்க வேண்டாம், அதில் நியாயமும் உண்டு. அந்த நோயாளிகளுக்கு நோய் தொடங்கிப் பத்து நாளளவில்தான் மருந்து போனது. அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பதில், முன்னமே கொடுத்துப் பார்ப்பதுதான்.

அதையும் செய்தார்கள். இங்கிலாந்தில் 6,200 பேர். பாதிப் பேருக்கு, இரத்தம் பார்த்துக் குறைவாக இருந்தால் ஆறு மாதத்துக்குக் குளிசை தருவோம் என்றார்கள். நாளுக்கு 800 அல்லது 3,200 யூனிற். கொரோனாவும் குறையவில்லை, மற்ற தடிமன் காய்ச்சலும் குறையவில்லை. இதை நடத்திய பேராசிரியர் ஏட்ரியன் மார்ட்டினோ எனக்குப் பிடித்த ஆள். ஏன் தெரியுமா? 2017இல் 25 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, விற்றமின் டி சுவாசத் தொற்றுக்களைக் கொஞ்சம் தடுக்கும் என்று எழுதியவரும் இவர்தான். தன் கட்சி தோற்றதைத் தன் கையாலேயே 2022இல் அச்சில் போட்டார். நம் ஊரில் ஒரு கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நோர்வேயில் செய்ததைக் கேட்டதும் எனக்கு வாய் கைத்தது. 34,000க்கும் மேற்பட்டவர்கள், ஒரு குளிர்காலம் முழுக்க நாளுக்கு ஒரு தேக்கரண்டி கொட் லிவர் ஒயில். மற்றப் பாதிக்குச் சோள எண்ணெய். எங்கள் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றின அதே சாமான்தான். ஊற்றிவிட்டு ஒரு துண்டு கருப்பட்டி தருவார். கருப்பட்டிக்காக நான் இரண்டாம் கரண்டியும் கேட்டதாக வீட்டில் இன்றும் ஒரு கதை இருக்கிறது, அது பொய். சரி, நோர்வேயில் என்ன நடந்தது? இரண்டு பக்கமும் ஒரே அளவு கொரோனா.

ஆதரவான முடிவும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்தக் காணொளிக்காரர் போல ஆகிவிடுவேன். பிரான்சில் நோய்ப்பட்ட முதியவர் 254 பேருக்கு, பாதிக்கு 4,00,000 யூனிற், பாதிக்கு 50,000. பதினான்காம் நாள் பார்த்தபோது கூடக் கொடுத்தவர்களில் இறப்புக் குறைவு. 28ஆம் நாள் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

இப்போது, நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்குப் போகப் போகிறேன். எந்த மருந்து வேலை செய்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்த ஒரு நாட்டு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்தும் ஒருவர் போகப் புறப்பட்டு, பஸ் இல்லாமல் திரும்பினார். குடித்தவர்களில் பெரும்பாலானோர் சுகமாகத்தான் இருந்திருப்பார்கள். குடிக்காதவர்களிலும் பெரும்பாலானோர் சுகம்தான். மல்லித் தண்ணி குடித்தவர், வேது பிடித்தவர், ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தவர், எல்லோரும் எழும்பி வந்து தாங்கள் செய்ததுதான் காப்பாற்றியது என்றார்கள். காகத்துக்குச் சோறு வைத்த பையன்கள்!

அதே வருடம் ஜூனில் பிரித்தானியாவின் ரிகவரி ஆராய்ச்சி டெக்சாமெதசோன் முடிவைச் சொன்னது. பழைய மருந்து, மலிவான மருந்து, எங்கள் ஊர்ப் பாமசியிலும் உள்ளது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. பாருங்கள், அதே மருந்து, ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்கு வீண். இதை எந்தப் பெரிய வைத்தியராலும் தன் வார்டில் நின்று கண்ணால் பார்த்துப் பிடித்திருக்க முடியாது. அதே ஆராய்ச்சிதான், எல்லோரும் நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்றும் காட்டியது. கோர்டோபாவில் அந்த 76 பேருக்கும் கொடுத்த மருந்துகளில் அதுவும் ஒன்று. மலிவான மருந்து என்பதால் மறைத்தார்கள் என்று தம்பி சொன்னால், டெக்சாமெதசோனை ஏன் மறைக்கவில்லை என்று கேளுங்கள்.

உம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள், நான் எங்கேயோ போய்விட்டேன். கொரோனாவுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. எலும்புக்காக, வயதானவர்களுக்கு விற்றமின் டி தேவைதான். திருகோணமலை வெயிலில் இருந்துகொண்டு குறைபாடா என்று கேட்பார்கள். வெயில் முற்றத்தில் அடிக்கிறது, உம்மா அறைக்குள் இருக்கிறார். ஜன்னல் கண்ணாடியால் வருகிற வெயிலும் இதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் கை கால் படக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். சூடை, கீரி போன்ற எண்ணெய் மீன்களிலும் உண்டு, அது கிண்ணியாக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்.

குளிசை என்றால் டொக்டரிடம் கேட்டே எடுங்கள். 70 தாண்டியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 800 யூனிற், 4,000க்கு மேல் தாங்களாகப் போகக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் கொரோனாப் பயத்தில், வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிற் குளிசையைத் தினம் ஒன்றாக இரண்டு மாதம் விழுங்கினார். தாகம், சத்தி, மலச்சிக்கல், கடைசியில் பேச்சும் தடுமாறியது. இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகம் வரை போய், வார்டில் கிடந்துதான் திரும்பினார்.

தம்பிக்கும் இதை அனுப்பிவிடுங்கள், மகள். அவனும் தூரத்தில் இருந்து வாப்பாவைப் பறிகொடுத்தவன்தானே. ஏச வேண்டும் என்றால் உங்களை ஏச வேண்டாம், எனக்கே எழுதச் சொல்லுங்கள். மற்ற மூன்று கேள்வியும் அடுத்த கிழமை.