வலை போடும் ஊரில் புறாக் கதை

அனைவருக்கும் வணக்கம். பாம்பனிலிருந்து பேசுகிறேன். பிள்ளைகளுக்கு இரக்கத்தைச் சொல்லித்தரும் விலங்குக் கதைகளை நம் கடற்கரை ஊர்களில் எப்படிச் சொல்லலாம் என்பதே இன்றைய பேச்சு.

பஞ்சதந்திரத்தில், வேடன் விரித்த வலையில் சிக்கிய புறாக்கள் வலையோடு பறந்து எலியிடம் போகும் கதையை ஒற்றுமைக்கான கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதன் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. எலியான இரணியகன் தன் நண்பனாகிய புறாவரசன் சித்திரக்கிரீவனின் கட்டை முதலில் கடிக்க வரும்போது, அரசன் தடுத்து, தன்னை நம்பி வந்தவர்களை முதலில் விடுவிக்கும்படியும், தன் கட்டைக் கடைசியில் அறுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறான். இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துங்கள். எலியின் பல் தேய்ந்துவிட்டால் அரசன் கதி என்ன என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

ஆனால் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ இதைக் கேட்கும் பிள்ளையின் அப்பாவும் வலை போடுகிறவராக இருப்பார். வலை விரிப்பவன் கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த வீட்டுச் சோற்றையே குற்றமாக்கிவிடுகிறோம், அது அநியாயம். ஆகவே புறாக் கதையை முடித்த கையோடு கடலாமையைப் பற்றியும் சொல்லுங்கள். ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான் என்பதால், மூச்சுவிட அது மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் நெடுநேரம் கிடந்தால் திணறிச் செத்துப்போகும். அப்படிச் சிக்கிய ஆமையின் துடுப்புக்காலில் இறுகிய நூலை விரலால் நெகிழ்த்தி, நெகிழாத கண்ணிகளைக் கத்தியால் அறுத்து, அதைத் தண்ணீரில் விடும் மீனவர், கரைக்கு வந்ததும் அந்தக் கிழிசலைப் பொத்த உட்கார வேண்டும். கதையில் எலி செய்த வேலையை இங்கே வலைக்காரரே செய்கிறார்.

சேதுக்கரை அணிலை நம் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். ஆவுளியாவைத்தான் அவர்கள் கதைகளில் சந்திப்பதில்லை. கடற்புல்லை மேய்ந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈன்று, தாய்ப்பால் கொடுத்து வளர்க்கும் இந்தக் கடற்பசு நம் மன்னார் வளைகுடாவிலேயே வாழ்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. சிங்கத்தையும் நரியையும் அறிந்த பிள்ளைக்கு, தன் ஊர்க் கடலில் பால் கொடுக்கும் ஒரு தாயைத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆவுளியாவைப் பற்றி ஏதேனும் கதை சொல்லியிருந்தால், அதை அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அதையே சொல்கிறேன்.