பேங்க் நோட்டீஸ் வந்தாச்சு, ஸ்டே வாங்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

விருதுநகர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, வீட்டுக்கடன் தவணை அஞ்சு மாசமா கட்டல, இப்ப பேங்க் 13(2) நோட்டீஸ், அதாவது 60 நாளுக்குள்ள பாக்கியைக் கட்டச் சொல்ற நோட்டீஸ், அனுப்பியிருக்கு. "ரிஜிஸ்டர் தபாலை வாங்காதே, கோர்ட்ல ஸ்டே வாங்கிக்கலாம்"னு அண்ணன் சொல்றாராம். ஸ்டே எங்க வாங்குறதுன்னு கேக்குறாங்க. கடைசி வரியில "பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லல சார்"னு எழுதியிருக்காங்க. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடல.

முதல்ல அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கம்மா. நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்னு தெரியும். இன்னொரு தடவையும் சொல்றேன், ஏன்னா இதுலதான் வீடு போகுது. நீங்க வாங்கலன்னா நோட்டீஸை வீட்டுச் சுவத்துல ஒட்டுவாங்க, பேப்பர்ல போடுவாங்க. அது சேர்ந்த கணக்குதான். நோட்டீஸ் தேதியில இருந்து 60 நாள் உங்களுக்கு இருக்கு. தபாலைத் திருப்பி அனுப்பினா அந்த 60 நாள்தான் வீணாப் போகும்.

இப்ப ஸ்டே. இந்த நோட்டீஸ் 2002-ல வந்த சர்ஃபேசி சட்டத்துல வர்றது, அடமானம் வச்ச சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் எடுத்து விக்க வழி கொடுக்கிற சட்டம். இதுல சிவில் கோர்ட் தலையிட முடியாதுன்னு 34-வது பிரிவே சொல்லுது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம், டிஆர்டி. உங்களுக்கு மதுரை. ஆனா இந்த நோட்டீஸை மட்டும் வச்சுக்கிட்டு இப்பவே அங்க போக முடியாது. 13(4)-ன்படி பேங்க் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டைத் தன் பொறுப்புல எடுத்துக்கிட்டதாச் சொல்ற நோட்டீஸ், ஒட்டினதுக்கு அப்புறம்தான், அதுவும் 45 நாளுக்குள்ள.

அதுவரைக்கும் சும்மா இருக்கணுமான்னு கேட்டா, இல்ல. 13(3ஏ)ன்னு ஒண்ணு இருக்கு. 2004-ல மார்டியா கெமிக்கல்ஸ் வழக்குல, கடன் வாங்கினவரோட ஆட்சேபணையைப் பேங்க் பரிசீலிச்சே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. அதுக்கப்புறம் சேர்த்த பிரிவு. நீங்க எழுத்துல பதில் கொடுத்தா, பேங்க் அதை ஏத்துக்கலன்னா, ஏன் ஏத்துக்கலன்னு 15 நாளுக்குள்ள காரணத்தோட பதில் சொல்லணும். வேலை எப்போ போச்சு, இப்ப எவ்வளவு கட்ட முடியும், தவணைக் காலத்தை நீட்டிக் கொடுங்க, கணக்குல இந்தத் தொகை தப்பு, எல்லாத்தையும் எழுதுங்க. நகல்ல சீல் வாங்காம கிளையை விட்டு வெளிய வராதீங்க. பின்னாடி டிஆர்டிக்குப் போனா அந்த சீல்தான் பேசும்.

நான் சர்வீஸ்ல இருந்தப்ப எங்க ஏரியாவுல ஒரு தையல்காரர். என் பையனுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சவர், காஜா அவ்வளவு சுத்தமா எடுப்பார். வந்த தபாலையெல்லாம் திருப்பி அனுப்பிட்டார். ஏல விளம்பரம் பேப்பர்ல வந்த அன்னைக்குத்தான் என்னைத் தேடி வந்தார். சொந்த ஊர்ல அவருக்கு ஒரு மனை இருந்துச்சு. அதை வித்திருந்தாலே பாக்கி தீர்ந்திருக்கும். ஆள் பாத்து, பத்திரம் போட்டு, பணம் கைக்கு வர நாள் வேணுமே. 2016 திருத்தத்துக்கு அப்புறம் நிலைமை இன்னும் இறுக்கம். ஏல அறிவிப்பு வெளியாகுறதுக்கு முன்னாடி முழுப் பாக்கியையும் கட்டினாத்தான் வீட்டை மீட்கிற உரிமை.

சரி, நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன், எல்லாரும் இதைக் கேக்கணும்னு எனக்கு ஆசை. ரெண்டாவது தவணை தவறினப்ப யார்கிட்ட பேசியிருக்கணும்? 90 நாள் பாக்கி நின்னா கணக்கு வாராக்கடன் ஆயிடும். அதுக்கு முன்னாடி போனா மேனேஜருக்கு வழி நிறைய இருக்கு, அப்புறம் மேலிடத்தைக் கேக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு அந்த மூணு மாசத்தை விட்டுடுறாங்க. இதைக் கேட்டுக்கிட்டு இருக்குறவங்கள்ல யாராவது இப்ப ரெண்டாவது மாசத்துல இருந்தா, நாளைக்கே போங்க.

தவணை கட்டவே வழியில்லன்னா, பேங்க்கோட எழுத்துப்பூர்வமான சம்மதத்தோட நீங்களே வீட்டை வித்துக் கடனை அடைக்கலாம். ஏலத்துல போற விலையை விட அது பெரும்பாலும் கூடுதலா இருக்கும். சம்மதம் இல்லாம விக்காதீங்க, நோட்டீஸ் வந்த பிறகு சட்டம் அதை அனுமதிக்கல.

வக்கீலுக்குப் பணம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. மாவட்டக் கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவச வக்கீல் கிடைக்கும், 15100-க்குப் போன் பண்ணலாம். பேங்க் மேல புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், செலவு இல்ல. "வீட்டை மீட்டுத் தரோம்"னு கமிஷன் கேட்டு வர்றவங்ககிட்ட பவர் பத்திரமோ வெத்துச் செக்கோ கொடுத்துடாதீங்கம்மா.

அண்ணனையும் கூட்டிக்கிட்டு, நோட்டீஸ், பாஸ்புக், வேலை போன கடிதம் மூணையும் எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை காலையில ஆணைக்குழு ஆபீஸுக்குப் போங்க. பேங்க்குக்குக் கொடுக்கிற பதிலை அங்க வக்கீல் பாத்த பிறகு கொடுங்க.