மூன்றே அணுக்களுக்கு எதற்கு சூப்பர் கம்ப்யூட்டர்?

அடுத்த கேள்வியை வாசிக்கிறேன். "மக்னீசியம் டைபோரைடின் அலகுக்கூட்டில் மூன்றே அணுக்கள். எலக்ட்ரான் பட்டைகளை என் லேப்டாப்பிலேயே சில நிமிடங்களில் கணக்கிட்டுவிட்டேன். எலக்ட்ரான்–ஃபோனான் கணக்குக்கு மட்டும் ஏன் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள்? லேப்டாப்பில் முடியவே முடியாதா?"

அலகுக்கூடு என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய கட்டம்; ஃபோனான் என்பது அணுக்களின் அதிர்வு. அணுக்கள் குறைவுதான், ஆனால் இங்கே ஆற்றல் அளவுகள் படுத்துகின்றன. எலக்ட்ரான் பட்டைகளின், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகளின், அகலம் பல எலக்ட்ரான் வோல்ட். இந்தப் பொருளில் முக்கியமான அதிர்வின் ஆற்றலோ சுமார் 70 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளுக்கும் நிரம்பாத நிலைகளுக்கும் இடையிலான எல்லைதான் பெர்மி பரப்பு. அதை ஒட்டி, இந்த அதிர்வாற்றல் அளவே தடிமனான மெல்லிய அடுக்கில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான் ஃபோனானோடு வினைபுரிந்து மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதை, உண்டாக்குகின்றன. அகலக் கண் வலையில் நெத்திலி சிக்காது இல்லையா? அதுபோல உந்தவெளியில் (எலக்ட்ரான்களின் உந்தத்தை அச்சுகளாகக் கொண்ட வெளி) கணக்கிடும் புள்ளிகளை இடைவெளிவிட்டு வைத்தால் அந்த அடுக்கு நழுவிவிடும்.

சரி, நெருக்கமாக வைப்போம். எலக்ட்ரானுக்கு 60×60×60, ஃபோனானுக்கு 30×30×30 என்று எடுத்தால் சுமார் 583 கோடி ஜோடிகள். மூன்று அணுக்களுக்கு ஒன்பது அதிர்வு முறைகள் என்பதால் இதை ஒன்பதால் பெருக்க வேண்டும். சமச்சீர்மையால் பெரும்பகுதி கழியும். ஆனாலும் ஒவ்வொரு ஃபோனான் புள்ளிக்கும், அணுக்கள் நகரும்போது எலக்ட்ரான்கள் உணரும் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று தனியாகக் கணக்கிட வேண்டும். நேரத்தைத் தின்பது இதுதான்.

மக்னீசியம் டைபோரைடில் இன்னொரு வம்பும் உண்டு. ஜப்பானில் அகிமிட்சு குழு 2001இல் இது 39 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டது. போரான் 11க்குப் பதில் அதைவிட லேசான ஐசோடோப்பான போரான் 10 வைத்தால் அந்த வெப்பநிலை சுமார் 1 கெல்வின் ஏறுகிறது. ஆக, போரானின் அதிர்வுக்கு இதில் பங்கு இருக்கிறது. போரான் அணுக்கள் தம் தளத்துக்குள்ளேயே எதிரெதிராக அசையும்போது பிணைப்புகள் இழுபடுகின்றன. அந்தப் பிணைப்புகளில் இருக்கும் சிக்மா எலக்ட்ரான்கள் பலமாகப் பாதிக்கப்படுகின்றன, தளத்துக்கு மேலும் கீழும் பரவிய பை எலக்ட்ரான்கள் அவ்வளவாக இல்லை. அதனால்தான் சுமார் 7, சுமார் 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என இரண்டு ஆற்றல் இடைவெளிகள் (மீக்கடத்தலில் ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்களைப் பிரிக்கத் தேவையான ஆற்றலின் அளவு). பெர்மி பரப்பு முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இத்தனை புள்ளிகளின் கணக்குச் சுமையைக் குறைக்க 2007இல் ஜ்யுஸ்தினோ, கோஹென், லூயி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் ஓர் அழகான வழி சொன்னார்கள். எலக்ட்ரான் அலைகளை வானியர் சார்புகளாக மாற்றினால் அவை அணுக்களைச் சுற்றிக் குறுகிய இடத்தில் அடங்கிவிடும். தூரம் கூடக்கூட இணைப்பின் வலிமை வேகமாகக் குறையும். அதனால் குறைவான புள்ளிகளில் மட்டும் முழுக்கணக்கைப் போட்டு, மற்ற இடங்களை இடைக்கணிப்பால் நிரப்பலாம். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற கணக்கீட்டு மென்பொருளோடு வரும் இபிடபிள்யூ நிரல் இதைத்தான் செய்கிறது. இலவசம், திறமூலம்.

இவ்வளவு செய்தும் ஒரு எண் உறுத்துகிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் வலிமையைக் குறிக்கும் மியூ ஸ்டாரைப் பெரும்பாலோர் 0.10 முதல் 0.15க்குள் கையால்தான் வைக்கிறார்கள். அதனால் "மாறுநிலை வெப்பநிலையைத் (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) துல்லியமாகக் கணித்தோம்" என்று ஒரு கட்டுரை சொன்னால், நான் முதலில் மியூ ஸ்டாருக்கு என்ன போட்டார்கள் என்று பார்ப்பேன்.

அப்புறம், லேப்டாப். முடியும், ஆனால் ஈயத்தில் ஆரம்பியுங்கள். அலகுக்கூட்டில் ஒரே அணு, மூன்றே அதிர்வு முறைகள். மாறுநிலை வெப்பநிலையின் சோதனை மதிப்பு 7.2 கெல்வின். புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போய், விடை எப்போது நிலைபெறுகிறது என்று பாருங்கள்.